பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் சேம்பிள்

“...கக்கூஸப் பாத்துட்டீங்க, அரிசியக் கடிச்சுப் பாத்துட்டீங்க, புள்ளையவும் ஒரு நாளு உக்கார வெச்சுப் பாத்துட்டீங்க. எல்லாஞ் செரிங்க பாய். உங்க சேம்பிள நாங்க எப்பத்தானுங்க பாக்கறது?”

இப்படிக் கேட்டவர் பூங்கொடி டீச்சர். ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே கொஞ்சம் சரிவில் நடந்தால் ஒரு சின்ன அரசுப் பள்ளிக்கூடம் வரும். அதன் தலைமையாசிரியை.

நாங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். மூட்டம் இறங்கியிருந்தது. பனிமூட்டத்தை மலையில் வெறுமனே மூட்டம் என்றுதான் சொல்கிறார்கள். டீச்சரின் முகம் தெரிந்தது, கால் தெரியவில்லை. என் வீட்டுக்காரி மும்தாஜ் கையில் எங்கள் மகளின் சாப்பாட்டு டப்பா, மூடி திறந்தபடி. நான் அந்த டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்பா காலி. காலி டப்பாவில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்குத்தான் இந்த வாரம்.

குழாய் போட்டுப் பார்க்கிறவன்

போன வாரம் என் மச்சான் காதரின் போனோடு நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்காக ஒரு வரி: காதர், மும்தாஜின் அண்ணன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தார். மகனோடு ஓசூரில் போய் இருக்கப்போவதாகவும், கடையை நாங்கள் எடுத்து நடத்தினால் மனசு நிம்மதியாக இருக்கும் என்றும் சொன்னார். ஆடி கழிந்ததும் கிளம்ப வேண்டும், அதற்குள் முடிவு தெரிய வேண்டும்.

எனக்கு அப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தானியக் கடையில் வேலை. எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மற்றதெல்லாம் கடைக்கு வந்தவர்கள் பேசிப் பேசிக் கற்றதுதான்.

கடையில் என் கையை விட்டு இறங்காத சாமான் ஒன்று உண்டு. ஒரு முனை கூராக, நடுவில் பள்ளமாக இருக்கும் இரும்புக் குழாய். மூட்டையைப் பிரிக்காமல் சாக்கில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் சரக்கு ஒரு கைப்பிடி வழிந்து வரும். அதை உள்ளங்கையில் பரப்பி, ஊதி, முகர்ந்து, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவோம். எங்கள் கடையில் மூட்டை தூக்கிய ராஜூ அண்ணன் தினமும் என்னிடம் சொல்வார்: “மேலாப்புல குத்தாத பாய். அது அவன் உனக்குன்னு அடுக்கி வெச்சது. அடியில குத்து.”

இருபது வருஷம் அடியில் குத்திய கை. அதை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போக முடியவில்லை. துணிக்கடைக்குப் போனால் மடிப்பின் உள்பக்கத்தைப் பார்ப்பேன். ஓட்டலில் சாம்பாரை அடியில் கலக்கி ஊற்றச் சொல்வேன். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது கூடத்தில் உட்காராமல் நேரே கொல்லைப்பக்கம் போய்த் தொழுவத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மாடு நன்றாக இருந்தது, சம்பந்தம் முடிந்தது. இன்றைக்கும் அந்த மாப்பிள்ளை, “மாட்டைப் பாத்துப் பொண்ணு குடுத்த ஊடு” என்று எங்களைச் சொல்லிச் சிரிப்பார்.

திரும்பி வரும் டப்பா

இனி டப்பாவுக்கு வருகிறேன்.

எங்கள் மகள் ஷாஹினாவுக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. மூன்றாவது வரை அவள் பேச்சை நிறுத்த வீட்டில் ஆள் இல்லை. சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோய், அப்படியே நிறுத்தி, ஒரு கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே போடுவாள். என் ரத்தம்.

நான்காவதுக்குச் சேலத்திலேயே பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தோம். சேர்த்து ஒரு மாசத்தில் டப்பா திரும்பி வர ஆரம்பித்தது. காலையில் வைத்த எலுமிச்சைச் சோறு சாயங்காலம் அப்படியே வரும். ஆம்லெட் மடித்த மடிப்புக் கலையாமல் வரும். கேட்டால், “பசிக்கலத்தா.” அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள். டாக்டரிடம் கூட்டிப்போனோம். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், டானிக் எழுதினார். டானிக்கை மட்டும் குடித்தாள்.

வீட்டிலும் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் மும்தாஜ் அந்த டப்பாவைத் திறப்பாள், மூடுவாள், சமையலறைக்குப் போவாள். அந்த மூடி மூடுகிற சத்தம் எனக்குப் பிடிக்காமல் போனது.

காதர் மச்சான் போன் வந்த அன்றைக்கு நான் ஏற்காடு, கடை, குளிர் என்று ஏகப்பட்ட கனவு கண்டுகொண்டிருந்தேன். மும்தாஜ் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

“கடை எங்க வேணாலும் வெய்யிங்க. இவ டப்பா காலியா வர்ற பள்ளிக்கூடம் எங்க இருக்குதோ, நான் அந்த ஊருக்குத்தான் வருவேன்.”

“அது எப்படி முன்னாடியே தெரியும்?”

“அது உங்க வேலை. ஊர்ல இருக்கற மூட்டையெல்லாம் குத்திப் பாக்கறீங்கல்ல?”

கவர் வேணுங்களா

ஆக, ஒரு ஆடி மாசத்துக் காலையில் நான்கு பேரும் ஏற்காடு பஸ்ஸில் ஏறினோம். நான், மும்தாஜ், ஷாஹினா, ஒன்றாவது படிக்கும் இர்ஃபான். கொண்டை ஊசி வளைவு தொடங்குவதற்கு முன்னால் கண்டக்டர் எங்கள் சீட்டுக்கு வந்து இர்ஃபானின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“கவர் வேணுங்களா, இல்ல மலை பழகின புள்ளைங்களா?”

“பழகணுமுங்க, இனிமேத்தான்.”

“அப்ப ரெண்டா வெச்சுக்கங்க.”

ரெண்டும் பயன்பட்டன. மேலே இறங்கியதும் இர்ஃபான் வாயைத் துடைத்துக்கொண்டு மக்காச்சோளம் கேட்டான்.

முதலில் பெரிய கேட் வைத்த ஒரு பள்ளிக்கூடம். மும்தாஜின் தம்பி போனில் நட்சத்திரம் எண்ணிப் பார்த்து அனுப்பிய இடம். கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி, அலமாரி நிறையக் கோப்பைகள். டை கட்டிய ஒரு தம்பி எங்களை மெத்தையில் உட்கார வைத்து டி.வி.யில் பள்ளிக்கூடத்தைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே அதே பள்ளிக்கூடம் இருந்தது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மீது தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, தேன் மாதிரிப் பேசினார்.

“உங்களுக்கு எதாச்சும் கேக்கணுங்களா சார்?”

“எல்லாம் நல்லா இருக்குதுங்க தம்பி. ஒரு நாளைக்கு மட்டும் பொண்ணை உட்கார வெச்சுப் பாக்கறோம். சேம்பிளுக்கு.”

அந்தத் தம்பி சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மும்தாஜ் என் கையில் கிள்ளினாள்.

“அட்மிஷன் போட்டப்புறந்தான் சார் கிளாஸ்ல உட்காரலாம். அது ரூல்ஸ்.”

“மூட்டையைக் கட்டி வண்டியில ஏத்துன பெறகு குத்திப் பாத்து என்னங்க பிரயோசனம்?”

இரண்டாவது கிள்ளு. வெளியே வந்தோம். அடுத்துப் போன இன்னொரு இடத்திலும் இதே கேள்வி, இதே ரூல்ஸ். கிள்ளு மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்தது.

“பள்ளிக்கூடம் என்ன பாசிப்பயறா? வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க,” என்றாள் மும்தாஜ். ஷாஹினா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கிள்ளியதை விட வலித்தது. பழைய ஷாஹினாவாக இருந்தால் ஏரி வரைக்கும் என்னைக் கேலி செய்துகொண்டே வந்திருப்பாள்.

சத்தம் ஒரு குறை

அன்று சாயங்காலம் காதர் மச்சான் கடையில் உட்கார்ந்திருந்தோம். கூடை நிறையப் பேரிக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உப்பும் எண்ணெயும் வாங்கிப் போகிற ஒரு மலைக்கார அம்மா வந்திருந்தார். பள்ளிக்கூடம் தேடி வந்திருக்கிறார்கள் என்று மச்சான் சொன்னதும், அவர் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்காமலே சொன்னார்.

“எங்கூர்லயும் ஒண்ணு இருக்குதுங்க. டீச்சரம்மா நல்ல அம்மாதான். ஆனா ஒரே கொறை, சத்தம். நொம்ப சத்தமுங்க. நான் காட்டுல களையெடுத்துட்டு இருந்தா அங்க வரைக்கும் கேக்கும். சோத்து நேரத்துல கேக்கவே வேண்டாம், சந்தைக்கடைதான். பாடம் எப்ப நடத்துவாங்களோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.”

நான் அந்தப் பள்ளிக்கூடத்தை மனசுக்குள் அடித்துவிட்டேன். சரக்கைக் கொண்டுவருகிறவரே குறை சொல்கிற சரக்கை யார் வாங்குவார்கள்?

மும்தாஜ் பேரிக்காயை அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“சோத்து நேரத்துலயாங்க சத்தம்?”

“ஆமாங்கம்மா.”

“நாளைக்கு அங்க போலாம்,” என்றாள் என்னைப் பார்த்து. ஏன் என்று கேட்டேன். “தெரியல. போலாம்,” என்றாள்.

விருந்தாளி

மறுநாள் போனபோது பூங்கொடி டீச்சர் வாசலில் ஒரு பையனுக்கு ஸ்வெட்டர் பட்டன் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் மும்தாஜின் கையிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். பிறகு கேட்டேன்.

“ஒரு நாளுங்களா?” என்றார் டீச்சர். “இருந்துட்டுப் போகட்டும். ஊட்டுக்கு விருந்தாளி வந்தா வேண்டாம்னா சொல்லுவோம்? வா சாமி, பேரு என்ன?”

ஷாஹினா பெயரைச் சொன்னாள். டீச்சருக்குக் கேட்கவில்லை, நான் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே போனாள். இர்ஃபான் யாரும் கூப்பிடாமலே ஒன்றாம் வகுப்பு அறைக்குள் போய் ஒரு பையனின் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் விஷயத்தில் எங்களுக்குக் கவலை இருந்ததே இல்லை.

இப்போது எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? முதலில் கக்கூஸ். கழுவியிருந்தது, வாளியில் தண்ணீர் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் சத்துணவுக்கூடம். அங்கே மூட்டை இருந்தது. நான் என்ன செய்ய? ஒரு பிடி அள்ளி, ஊதி, ஒரு அரிசியைக் கடித்தேன். சமையல் செய்யும் அம்மா கரண்டியோடு என்னையே பார்த்தார்.

“ஏனுங்க, பசியா?”

“இல்லீங்க, பழக்கம்.”

திரும்பினால் ஜன்னலில் பூங்கொடி டீச்சர். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. திரும்பி வகுப்புப் பக்கம் போய்விட்டார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேரிக்காய் அம்மா சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. வட்டம் வட்டமாக உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசின. கேட்கிறவர் யாரும் இருந்த மாதிரித் தெரியவில்லை. நாங்கள் அருகே போனால் ஷாஹினா கூச்சப்படுவாள் என்று மும்தாஜ் என்னைச் சரிவுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். காப்பிச் செடிக்குள் உட்கார்ந்து நாங்கள் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றோம். மேலே இருந்து சத்தம் இறங்கி வந்துகொண்டே இருந்தது.

மூட்டப் பேச்சு

சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் கரடியூர்ப் பக்கமிருந்து மூட்டம் வந்தது. சேலத்துக்காரனுக்கு அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. முதலில் எதிர்மலை போனது, அப்புறம் சில்வர் ஓக் மரங்கள், அப்புறம் கொடிக்கம்பம். கரண்டும் போனது. நாங்கள் தடவித் தடவி மேலே ஏறி வராந்தாவுக்கு வந்தபோது வகுப்புக்குள்ளேயும் மூட்டம் ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்திருந்தது. ஈரமும் சாக்பீஸும் கம்பளித் துணியும் கலந்த வாசனை.

புத்தகங்கள் மூடுகிற சத்தம் கேட்டது. பாடம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

“போர்டு தெரியலீங்களே பாய்,” என்றார் டீச்சர். “போர்டு தெரியாட்டி மூட்டப் பேச்சுதான். ஆளாளுக்கு எந்திரிச்சு எதாச்சும் பேசோணும். பேசுனாத்தான் ஆளு உள்ள இருக்கறது எங்களுக்குத் தெரியும். இல்லாட்டி பின்னாடி வழியா பேரி மரத்துக்குப் போயிருவானுங்க.”

வராந்தாவில் நின்று கேட்டோம். உள்ளே உருவம் எதுவும் தெரியவில்லை, குரல் மட்டும். ஒரு பையன் தன் வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொன்னான். ஒரு பெண் சேர்வராயன் கோயில் திருவிழாவில் தன் சித்தப்பா செருப்பைத் தொலைத்து, வேறு யாருடையதையோ போட்டு வந்ததைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டும் இடது கால். உள்ளே சிரிப்பு அடங்கவே நேரமானது.

பிறகு இன்னொரு குரல். மெதுவாக ஆரம்பித்தது, நடுவில் வேகம் பிடித்தது.

“எங்கத்தாகிட்ட ஒரு கொழாய் இருக்குது. எதப் பாத்தாலும் குத்திப் பாப்பாரு. எங்க அத்தையக் கட்டிக் குடுக்கறதுக்கு மாப்பிள்ளையப் பாக்காம அவங்க ஊட்டு மாட்டப் பாத்தாரு. நேத்து ஒரு பள்ளிக்கூடத்துல போயி சேம்பிள் கேட்டாரு. அங்க இருந்த அண்ணன் சிரிச்சுட்டாரு. எங்கம்மா கிள்ளி கிள்ளி எங்கத்தாவுக்குக் கையே செவந்துருச்சு.”

வகுப்பே சிரித்தது. மும்தாஜ் என் முழங்கையைப் பிடித்தாள். இந்தத் தடவை கிள்ளவில்லை.

“உங்க பழைய பள்ளிக்கூடம் எப்படி கண்ணு?” உள்ளே வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு டீச்சரின் குரல்.

“நல்லாத்தான் இருந்துச்சு மிஸ். ஆனா சோறு திங்கறப்ப பேசக்கூடாது. பேசுனா எந்திரிச்சு நிக்கணும். பேசாம எனக்குச் சோறு எறங்காது மிஸ். நானும் நொம்ப நாளு பாத்தேன், எறங்கவே இல்ல.”

அவ்வளவுதான். டாக்டருக்கும் தெரியாதது, டானிக்குக்கும் தெரியாதது. ஒரு வருஷமாக நாங்கள் என்ன செய்து போட்டால் சாப்பிடுவாள் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். யாரோடு பேசிக்கொண்டு சாப்பிடுவாள் என்று யோசிக்கவில்லை.

மும்தாஜ் வாசலுக்கு வெளியே வரிசையாக வைத்திருந்த பைகளில் ஷாஹினாவுடையதைத் தேடி எடுத்தாள். டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சோற்றில் ஒரு பருக்கை இல்லை. மூலையில் யாரோ கடித்துவிட்டுக் கொடுத்த பேரிக்காயின் காம்பு ஒன்று கிடந்தது.

மூடியை அவள் மூடவே இல்லை.

எங்கள் முறை

அப்போதுதான் பூங்கொடி டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்க சேம்பிள நாங்க எப்பத்தானுங்க பாக்கறது என்று.

“என்னோட சேம்பிளுங்களா?” என்றேன்.

“பின்ன? புள்ளைங்க எப்படி இருந்தாலும் நாங்க சேத்துக்குவோமுங்க. பெத்தவங்களத்தான் பாக்கோணும். பாதிப்பேரு கொண்டாந்து உட்டா வருசக் கடைசிக்குத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பாப்பாங்க. நீங்க அரிசியக் கடிச்சீங்க பாருங்க, அப்பவே நெனச்சேன், இந்தாளை உள்ள அனுப்பிப் பாக்கோணும்னு. போங்க, உங்களுக்கும் ஒரு பேச்சு.”

“டீச்சர், நான் எட்டாவதுதான்.”

“இது அஞ்சாவதுதானுங்க. போங்க.”

மும்தாஜ் பின்னாலிருந்து தள்ளினாள். கடையில் எத்தனையோ வியாபாரிகளிடம் வாய் வலிக்கப் பேசியவன், அந்த வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதிலேயே நேரம் கடத்தினேன். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“ஏனுங்க, நீங்கதான் அந்தக் கொழாய்க்காரருங்களா?”

“ஆமா கண்ணு.”

“மாடு எப்படி இருந்துச்சுங்க?”

அதற்கப்புறம் என்னை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. மாட்டைச் சொன்னேன், மூட்டையைச் சொன்னேன், சாமை மூட்டையில் அடியில் கல்லைப் போட்டு ஏமாற்றப் பார்த்த வியாபாரியையும், அவரைக் கண்டுபிடித்த ராஜூ அண்ணனையும் சொன்னேன். உங்கள் ஊரில் சாமை எப்படி விளைகிறது என்று கேட்டேன். ஒரே நேரத்தில் எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் எங்கிருந்தோ, “அத்தா, கக்கூஸப் பாத்தத மறச்சுட்டீங்களே, அதையும் சொல்லுங்க,” என்று ஷாஹினா கத்தியது கேட்டது.

பூங்கொடி டீச்சர் உள்ளே வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. பலகையின் மேல்மூலையில் வகுப்பில் எத்தனை பேர் என்று தினமும் எழுதுகிற எண் இருக்குமே, அதை எக்கி, கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சேலைத் தலைப்பால் துடைத்தார். ஒன்று கூட்டி எழுதினார்.

சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே பக்கத்து அறைக்கு, இர்ஃபான் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புக்கு நடந்தார்.